வராத புயல்

ஜனவரி 19

என் தம்பி தூங்குமூஞ்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். தோள்பட்டை வலியைத் தவிர இங்கே எல்லாம் சௌக்கியம். உன் உடம்பு எப்படி? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை கேப்டனாகிவிட்டோம் என்று காபியிலேயே காலம் தள்ளுகிறாயா?

கப்பலில் போன் இருக்கிறது, இணையம் இருக்கிறது, இன்னும் எதற்குக் காகிதம் என்று எங்கள் ஆபீஸில் டைப் அடிக்கும் பெண் கேட்டாள். "போன்ல பேசினா சண்டை வந்துடும்மா. எழுதினா, அது போய்ச் சேர்றதுக்குள்ள கோவம் ஆறிடும்" என்றேன். அவள் நம்பவில்லை. தம்பி இல்லாதவள் போலிருக்கிறது.

முதலில் நல்ல செய்தி. கேஸில் ஜெயித்துவிட்டேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் மார்ச்சில் புயலில் மாட்டி உடைந்ததே, அந்தச் சரக்குக் கப்பல் கேஸ். ஆட்கள் எல்லோரும் தப்பித்தார்கள், சரக்கு மட்டும் அடியில் போய்ச் சேர்ந்தது. சரக்குக்காரர்கள் கப்பல் கம்பெனி மேல் வழக்குப் போட்டார்கள். நான் கம்பெனிக்கு வக்கீல். நூறு வருடப் பதிவுகளைப் புரட்டி, அதற்கு முன் அந்தக் கடலில் மார்ச்சில் புயலே அடித்ததில்லை என்று காட்டினேன். "மார்ச் மாதத்தில் அங்கே புயலை எதிர்பார்ப்பது விவேகமுள்ள மாலுமியின் செயல் அல்ல" என்று எழுதினேன். நீதிபதி அந்த வரியை அப்படியே தீர்ப்பில் போட்டுக்கொண்டார். சீனியர் கை கொடுத்தார். கயிறு அறுந்து என் தோளைப் பதம் பார்க்காமல் இருந்திருந்தால் நான் இன்றைக்கும் கப்பலில்தான் இருந்திருப்பேன், நீ எனக்குக் கீழே வேலை பார்த்திருப்பாய். போகட்டும், கரையிலும் ஏதோ கைவந்திருக்கிறது.

இனி எழுதுவது உனக்கு மட்டும். இன்ஜினைக் குளிர்விக்க உள்ளே இழுக்கும் கடல் தண்ணீரின் சூட்டைக் கப்பல்களில் குறித்து வைப்பீர்களே, கட்சிக்காரர் தன் கப்பல்களின் அந்தக் கணக்கு முழுவதையும் என்னிடம் கொடுத்திருந்தார். கலர் பென்சிலால் வரைபடத்தில் தீட்டி அறைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். வருடா வருடம் சிவப்பு பரவிக்கொண்டே வருகிறது. அந்தச் சூட்டில் புயல் எந்த மாதமும் பார்க்காது. கோர்ட்டில் நான் இதைக் காட்டவில்லை. எதிர்த்தரப்பு கேட்கவும் இல்லை. மத்தியானம் சாப்பிட்டுக் கண் அசந்தால், அந்தச் சிவப்பு சுவரிலிருந்து இறங்கி மேஜைக்கடியில் வெதுவெதுப்பாகத் தேங்கி நிற்கிறது. நான் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொள்கிறேன். சிரிக்காதே.

மார்ச்சில் உனக்கு அதே கடலைக் கடக்கும் அந்தக் குறுக்கு வழிதான் என்று உன் வீட்டுக்காரி சொன்னாள். வக்கீலாகச் சொல்லவில்லை, பழைய செகண்ட் மேட்டாகச் சொல்கிறேன். தண்ணீரைக் கவனி. நானாக இருந்தால் தெற்கே சுற்றிப் போவேன். இந்தக் கணக்கைக் கட்சிக்காரருக்குத் தெரியாமல் வெளியே சொன்னால் என் வக்கீல் உரிமம் போய்விடும். அதனால் இதை மனதில் வை, வாயில் வைக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

*

பிப்ரவரி 24

வக்கீலம்மாவுக்குத் தம்பியின் வணக்கம்.

நான் நலம். எடை கொஞ்சம் கூடியிருக்கிறது, சமையல்காரரைக் கேள். தோளுக்குத் தைலம் தேய்க்கிறாயா, இல்லை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா?

உன் கடிதத்தைத் துறைமுக ஏஜென்ட் இன்றைக்குத்தான் கொண்டுவந்து கொடுத்தார். கேஸில் ஜெயித்ததை எங்கள் சீஃப் மேட்டிடம் பெருமையடித்தேன். "உங்க வீட்டுல எல்லாருமே கடல்ல பொழைக்கிறவங்கதானா சார்?" என்றார். எங்கள் அம்மாவுக்கு மட்டும் பஸ்ஸில் போனாலே தலை சுற்றும் என்றேன்.

பெரிய பெரிய காகித உருளைகள் ஏற்றுகிறோம். கப்பல் முழுக்கப் புதுப் புத்தக வாசனை. நாளை மறுநாள் கிளம்புகிறோம். கம்பெனி உத்தரவு குறுக்கு வழிதான். சுற்றிப் போனால் ஒரு வாரம் கூடும், எண்ணெய்ச் செலவும் கூடும், அவர்களுக்கு அது வயிற்றெரிச்சல்.

நீ சொன்னதை வாயில் வைக்கவில்லை.

அன்புடன்,
தம்பி

*

மார்ச் 14

அக்காவுக்கு,

நான் நலம். உன் நலம் அறிய ஆசை. நடுக்கடலில் எழுதுகிறேன், கரையேறியதும் தபாலில் சேர்ப்பேன்.

திருப்பிவிட்டேன்.

குறுக்கு வழியில் நுழைந்து ஒரு பகல் போயிருப்போம். காற்று இல்லை. ஆறிய பாலில் ஆடை படிந்த மாதிரி தண்ணீர் அசங்காமல் கிடந்தது. ஆனால் கிழக்கிலிருந்து ஒரு நீண்ட அலை, மெதுவாக, கப்பலை அடியோடு தூக்கித் தூக்கி இறக்கியது. காற்றில்லாத இடத்தில் அந்த அலையை யார் அனுப்பியது என்று தெரியவில்லை. இன்ஜின் ரூமிலிருந்து செகண்ட் இன்ஜினியர் வந்து, தண்ணீர் சூடு பார்க்கும் மானி கெட்டுவிட்டது, கன்னாபின்னாவென்று காட்டுகிறது என்றார். புதுசு மாற்றினார். புதுசும் அதையேதான் சொன்னது. எனக்கு உன் சுவரும் மேஜைக்கடியும் ஞாபகம் வந்தன. நீ எழுதாமல் இருந்திருந்தால் நானும் மானியைத்தான் திட்டியிருப்பேன்.

தெற்கே திருப்பச் சொன்னேன். சீஃப் மேட் என் முகத்தைப் பார்த்தார்.

"ஆர்டர் வந்திருக்கா சார்?"

"இல்ல."

"புயல் எச்சரிக்கை?"

"அதுவும் இல்ல."

"அப்போ எதுக்கு சார் திருப்பறோம்?"

எங்கள் அக்கா சொன்னாள் என்றா சொல்ல முடியும்? "தண்ணி சரியில்ல" என்றேன். அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு போய் அதையே குறித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. தெற்கே கடல் தன் பாட்டுக்குக் கிடந்தது. அரைப் பகல் முழுக்க ஜெல்லிமீன்களுக்கு நடுவில் போனோம், ஒன்றையொன்று இடிக்காமல், ஒன்றும் அவசரப்படாமல். ஏதோ ஒரு கரைப்பறவை கன்டெய்னர் மேல் வந்து உட்கார்ந்து எங்களோடேயே பயணம் செய்தது, டிக்கெட் எடுக்காத பயணி என்று, மாலுமிகளை மேய்க்கும் போசன் அதற்குத் தண்ணீர் வைத்தார். ஆட்கள் வேலை செய்துகொண்டே பாதித் தூக்கத்தில் இருந்தார்கள். நானும்தான். கனவில் என் கப்பல் உன் ஆபீஸ் மாடிப்படியில் ஏறி வருகிறது. நீ தலையைத் தூக்காமல், "காலைத் துடைச்சிட்டு உள்ளே வா" என்கிறாய்.

புயல் வரவில்லை அக்கா. குறுக்கு வழியில் ஒரு தூறல்கூட இல்லையாம். எங்களோடு கிளம்பிய எங்கள் கம்பெனியின் இன்னொரு கப்பல் சமர்த்தாகப் போய்ச் சேர்ந்து சரக்கும் இறக்கிவிட்டது.

தம்பி

*

ஏப்ரல் 11

தூங்குமூஞ்சிக்கு,

நீ நலமென்று படித்த பிறகுதான் மற்ற வரிகளைப் படித்தேன். நானும் நலம். தைலம் தேய்க்கிறேன், போதுமா?

வராவிட்டால் நல்லதுதானே. வந்திருந்தால் இந்தக் கடிதத்தை யாருக்கு எழுதுவது? நீ திருப்பினாய் என்று படித்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆபீஸை விட்டு இறங்கித் துறைமுகச் சுவர் வரைக்கும் நடந்து போய், சும்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியான வெயிலில் கடல் எதுவும் அறியாத பிள்ளை மாதிரி இருந்தது.

எனக்கு ஜன்னல் வைத்த அறை கொடுத்திருக்கிறார்கள். பெரிய கேஸ்கள் வருகின்றன. அந்த "விவேகமுள்ள மாலுமி" வரியைச் சட்டப் பத்திரிகையில் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஊரெல்லாம் அதைத்தான் மேற்கோள் காட்டுகிறது. படிக்கும்போதெல்லாம் கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது, பெருமையாகவும் இருக்கிறது. பொய் சொல்லவில்லை, பெருமைதான் அதிகம்.

கப்பலைத் திருப்பியதற்குக் கம்பெனி என்ன சொன்னது என்று நீ ஒரு வரிகூட எழுதவில்லையே.

அக்கா

*

ஜூன் 2

அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய். பதில் எழுதத் தாமதம், கோபித்துக்கொள்ளாதே.

நான் வீட்டில்தான் இருக்கிறேன், லீவு. ஜன்னல் கதவுகளுக்கெல்லாம் பச்சைப் பெயிண்ட் அடித்துவிட்டேன். அடித்த பிறகு நீலமே நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. காலையில் நடக்கிறேன். மத்தியானம் சாய்வு நாற்காலியில் படுத்தால் சாயந்திரம்தான் எழுந்திருக்கிறேன், பேருக்கு ஏற்ற பிழைப்பு. ஒரே கனவு திரும்பத் திரும்ப வருகிறது. கப்பல் திரும்பிக்கொண்டே இருக்கிறது. அதன் முகப்பு தெற்கைத் தாண்டி, மேற்கைத் தாண்டி, சுற்றிச் சுற்றி, திரும்பி முடிக்கவே மாட்டேன் என்கிறது. சுக்கானைப் பிடித்திருப்பவன் என்னைப் பார்க்கிறான், எனக்கு அவனிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

வேறு விசேஷம் இல்லை. உன் புது அறையில் காற்று வருகிறதா?

தம்பி

*

ஜூன் 9

அண்ணிக்கு நமஸ்காரம்.

நீங்கள் சௌக்கியமா? நான் உங்களுக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம்.

லீவு எல்லாம் இல்லை அண்ணி. அவரைக் கப்பலிலிருந்து இறக்கிவிட்டார்கள். காரணமே இல்லாமல் உத்தரவை மீறினார், ஒரு வாரம் வீணாக்கினார் என்று கம்பெனி விசாரணை வைத்திருக்கிறது. ஏற்கெனவே ஒரு தடவை கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். இனி கேப்டன் பதவி கிடையாது என்று முடிவாகும் போலிருக்கிறது. கப்பல் ஆட்கள் அவருக்கு "வராத புயல்" என்று பேர் வைத்திருக்கிறார்களாம். அதைச் சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

இன்னொன்று. விசாரணையில் அவர் முன்னால் ஒரு தீர்ப்பை எடுத்து வைத்து, மார்ச்சில் அங்கே புயலை எதிர்பார்ப்பது விவேகமுள்ள மாலுமியின் செயல் அல்ல என்று வாசித்தார்களாம். "இதுக்கு என்ன சொல்றீங்க கேப்டன்?" என்று கேட்டார்களாம். அது யார் எழுதியது என்றுகூட அவர் சொல்லவில்லை.

"உங்க அக்கா எழுதினதப் பாத்துத்தான் திருப்பினேன்னு சொல்லிட வேண்டியதுதானே" என்றேன். எனக்குத் தெரிந்து ஒரு நாளும் சத்தம் போடாதவர், "அத மறந்துடு. அவ வக்கீல் வேலை போயிடும்" என்று சத்தம் போட்டார். அப்புறம் போய் அடித்த ஜன்னலுக்கே மறுபடியும் பெயிண்ட் அடித்தார்.

உங்களை எதுவும் செய்யச் சொல்லவில்லை அண்ணி. தனியாக வைத்துக்கொள்ள முடியவில்லை, அவ்வளவுதான்.

இப்படிக்கு,
உங்கள் தம்பியின் வீட்டுக்காரி

*

ஜூன் 15

தம்பிக்கு,

நான் நலம் என்று எழுத வரவில்லை. நீ நலமில்லை என்று தெரிந்துவிட்டது. எப்படித் தெரியும் என்று கேட்காதே. துறைமுக ஊரில் உட்கார்ந்திருக்கிறேன், கப்பல்காரன் எவனாவது சொல்லியிருப்பான் என்று வைத்துக்கொள்.

அவர்கள் வாசித்த வரியை நான் மேஜையில் உட்கார்ந்து, பேனாவைக் கடித்துக்கொண்டு, வார்த்தை வார்த்தையாகத் தேடி எழுதினேன். தலைக்கு மேலே சுவரில் அந்தச் சிவப்பு இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் எழுதினேன். அது உன் கழுத்துக்கு வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. யாரோ ஒரு மாலுமி என்று எழுதினேன், அந்த யாரோ நீயாகிவிட்டாய். வெட்கமாக இருக்கிறது.

அடுத்த முறை கூப்பிடும்போது என் கடிதத்தைப் பற்றிச் சொல்லிவிடு. தெரிந்தவர் ஒருவர் எச்சரித்தார், அதனால் திருப்பினேன் என்று நீ சொன்னால் அதற்குமேல் உன் மேல் குற்றம் நிற்காது. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பதில் உடனே எழுது. பெயிண்ட் காயும்வரை காத்திருக்க வேண்டாம்.

அக்கா

*

ஜூன் 24

அக்காவுக்கு,

நான் நலம்தான். துறைமுக ஊர்க் கப்பல்காரன் சமையலறையில் பாத்திரம் உருட்டிக்கொண்டிருக்கிறான். நான் திட்டவில்லை, நீயும் கவலைப்படாதே.

சொல்ல மாட்டேன். நீ வரவும் வேண்டாம். கேப்டன் பதவி போனால் சீஃப் மேட்டாகப் போவேன், இல்லை துறைமுகத்தில் ஏதாவது பார்ப்பேன். நீ அந்த வயதில், வலிக்கிற தோளோடு, சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து சட்டம் படித்தவள். உன்னைத் திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பிக்கச் சொல்ல நான் யார்?

இன்னொரு காரணமும் இருக்கிறது. உன்னிடம்தான் சொல்ல முடியும். நீ எழுதியதால் திருப்பினேனா, அலையைப் பார்த்துத் திருப்பினேனா, இல்லை பயந்து திருப்பினேனா என்று எனக்கே இப்போது தெரியவில்லை. அன்றைக்கு அடிவயிற்றில் ஜில்லென்று இருந்தது அக்கா. அது உண்மை. எதுவும் வரவில்லை, அதுவும் உண்மை. அப்படியென்றால் நான் கோழைதானே? உன் கடிதத்தைக் காட்டினால் பதவி திரும்பும். அந்தக் கேள்வி போகுமா?

தைலத்தை நிறுத்தாதே.

தம்பி

*

ஜூலை 21

தம்பிக்கு,

உன் வீட்டில் நன்றாகச் சாப்பிட்டேன், உடம்பு சுகம். பச்சை ஜன்னல் அப்படி ஒன்றும் மோசமில்லை. ரயிலில் எழுதுகிறேன், எழுத்து ஆடினால் தண்டவாளத்தைத் திட்டு.

விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் நீ உட்கார்ந்திருந்தபோது, நான் உன்னைத் தாண்டி உள்ளே போனேன். நீ எழுந்து, "அக்கா, வேணாம்" என்றாய். எனக்குக் காது கேட்டது. வெளியே வந்த பிறகு இருவரும் டீ குடித்தோம், குடையை யார் பிடிப்பது என்று தெருவிலேயே சண்டை போட்டோம். உள்ளே என்ன நடந்தது என்று நீ கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் மரியாதையான மனிதர், குடிக்கத் தண்ணீர் வைத்தார்.

"நீங்க அவருக்கு அக்கா. அதனால பேச வந்திருக்கீங்க" என்றார்.

"அதுக்காகவும்தான்" என்றேன். "உங்க கையில இருக்கிற வரி நான் எழுதினது. அதுக்காகவும் வந்திருக்கேன்."

சுவர் வரைபடத்தைச் சுருட்டிக் கொண்டுபோயிருந்தேன். மேஜை மேல் விரித்தேன். அவர்களுடைய டீக் கோப்பைகளை எடுத்துத்தான் அதற்கு நாலு மூலையிலும் பாரம் வைத்தேன். இந்தச் சூடு எப்படி ஏறியது, இதில் புயல் எப்படிப் பிறக்கும் என்று சொன்னேன். எங்கிருந்து வந்த கணக்கு என்றும் சொன்னேன்.

"புயலை எதிர்பார்க்க முடியாதுன்னு கோர்ட்ல எழுதினது நீங்கதானேம்மா?"

"ஆமா. எழுதின அன்னிக்கே எனக்கு வேற மாதிரி தெரியும். கட்சிக்காரருக்காக எழுதினேன். தம்பிக்கு வேற எழுதினேன்."

"சரி. புயல் வந்ததா?"

"வரல."

"அப்போ உங்க தம்பி எதை எதிர்பார்த்தார்?"

"நான் எதிர்பார்த்ததை" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வரைபடத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன், இனி அதை மாட்ட எனக்குச் சுவர் இருக்காது. சீனியரிடம் நானே போய்ச் சொல்லப் போகிறேன். எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். வருத்தம் இருக்கிறது. ஆனால் மூச்சு சீராக வருகிறது.

ஜன்னலுக்கு வெளியே வயல்களில் தண்ணீர் தேங்கி, மேகம் அதில் படுத்திருக்கிறது. ரயில் மேகத்தின் மேல் போகிறது. நான் கொஞ்சம் தூங்குகிறேன்.

அக்கா

*

செப்டம்பர் 8

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

அதே கப்பலில் மறுபடி கேப்டனாக ஏறிவிட்டேன். "விஷயம் தெரிந்தவர் சொன்ன ஆலோசனையின்படி நடந்ததால் குற்றமில்லை" என்று எழுதிக் கொடுத்தார்கள். கிளம்பிய அன்றைக்குத்தான் உன் உரிமத்தை இரண்டு வருடத்துக்கு நிறுத்திவிட்டார்கள் என்று வீட்டில் சொன்னாள். அந்தக் கேஸையும் எதிர்த்தரப்பு மறுபடி கிளப்பியிருக்கிறதாமே. உன் மேல் கோபம். அதற்கு மேல் எழுதினால் அழுதுவிடுவேன்.

நீ என்ன செய்யப் போகிறாய்? எங்களோடு வந்து இரு என்று அவள் சொல்லச் சொன்னாள். குடையை நானே பிடிக்கிறேன்.

ஒன்றை மறைக்க விருப்பமில்லை. "வராத புயல்" என்ற பேர் போகவில்லை. கப்பலை ஓட்டும் பிரிட்ஜில் நான் ஏறினால் ஆட்கள் சிரிப்பை விழுங்குகிறார்கள். காகிதத்தில் குற்றமில்லை, ஆனால் நான் செய்தது சரி என்று ஒருவரும் சொல்லவில்லை. போன வாரம் ஒரு அலை வந்தது. அதே மாதிரி நீளம், அதே மாதிரி காற்றில்லை. திருப்பலாமா என்று நினைத்தேன். வாய் திறக்கவில்லை. நல்லவேளை, அது ஒன்றுமில்லாத அலை. ஒன்றுமுள்ள அலையாக இருந்திருந்தாலும் திறந்திருக்க மாட்டேன் அக்கா. இத்தனை பேரையும் வைத்துக்கொண்டு, சிரிப்புக்குப் பயந்து நேராகப் போகிற கேப்டனாகிவிட்டேன்.

தம்பி

*

மார்ச் 12

தம்பிக்கு,

அக்கா சுகம். தோள்பட்டையும் சுகம், என்ன மாயமோ தெரியவில்லை. நீயும் அவளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இத்தனை மாதம் நான் எழுதாததற்குக் காரணம் உண்டு. சொல்வதற்குக் கையில் ஒன்றுமில்லாமல் உனக்கு ஆறுதல் எழுத எனக்கு இஷ்டமில்லை. உனக்கும் அது பிடிக்காது.

கடலை அளக்கும் ஆராய்ச்சிக் கப்பல் ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். கப்பல் ஓட்டும் வேலை இல்லை. தண்ணீரை மொண்டு சூடு பார்த்து எழுதும் வேலை. இளம் விஞ்ஞானிகள் என்னை "மேடம் வக்கீல்" என்கிறார்கள். மேல்தளத்தில் நின்றால் நேரம் போவதே தெரியவில்லை. பகலும் கடலும் ஒரே நிறத்தில் கலந்து, கப்பல் எங்கேயும் போகாமல் தொங்குகிற மாதிரி இருக்கும். எனக்கே சில சமயம் நான் கரையில் வக்கீலாக இருந்ததுதான் கனவோ என்று படுகிறது.

நேற்று அந்தக் குறுக்கு வழியில் இருந்தோம். நீ திருப்பிய அதே கடல், அதே மாதம். காற்று இல்லை. கிழக்கிலிருந்து நீள அலை, நீ எழுதியிருந்த மாதிரியே அடியோடு தூக்கித் தூக்கி இறக்கியது. தண்ணீர் மொண்டு கையை விட்டேன். யாரோ அதற்கு முன்னால் குளித்துவிட்டுப் போன தொட்டி மாதிரி வெதுவெதுப்பு. இத்தனை வருடம் கலர் பென்சிலால் தீட்டிய சூடு அது. அடிவயிற்றில் ஜில்லென்றது. வருடக்கணக்காகப் படித்தது, வாதாடியது, சாட்சி சொன்னது எதுவும் எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. ஓடிவிட வேண்டும் என்று மட்டும்தான் இருந்தது.

கேப்டனிடம் போனேன். அதிகம் பேசாத மனிதர்.

"திருப்பிடுங்க" என்றேன்.

"வானிலை அறிக்கையில ஒண்ணும் இல்லியே மேடம்."

"இருக்காது."

"காரணம் என்னன்னு எழுதிக்கட்டும்?"

"பயமா இருக்குன்னு எழுதுங்க."

அவர் சிரிக்காமல் அதை அப்படியே எழுதிக்கொண்டு, கப்பலைத் தெற்கே திருப்பச் சொன்னார்.

நாங்கள் விட்டு வந்த இடத்தில் புயல் வந்ததா என்று கேட்காதே. நான் விசாரிக்கவில்லை, விசாரிக்கப் போவதும் இல்லை. அன்றைக்கு நீ பயந்தாய் தம்பி. சரியாகத்தான் பயந்தாய்.

அவளைக் கேட்டதாகச் சொல். வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா